புதுப்பிப்பு: தண்ணீர்ப் பவுசர் ஒழுக்கு, இப்போதைய நிலை

போன மாதம் எழுதியிருந்தேன், ரக்டரில் இழுக்கும் எங்கள் 1000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி குழாயடியில் ஒழுகுகிறது, பசை பூசினாலும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஒரே ஓட்டத்தில் திரும்பவும் ஒழுகுகிறது என்று.

காரணம் பிடிபட்டுவிட்டது. குழாயை ரக்டர்ப் பெட்டியின் இரும்புச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். நிரம்பினால் தண்ணீரே ஒரு தொன், பள்ளத்தில் விழும்போது தாங்கி அசைய, அசையாத குழாய் அதன் கழுத்தை வெடிக்கவைக்கிறது. அதோடு பொலிஎத்திலீனில் பசை பிடிக்காது, அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டவேண்டும். பசை பூசியவர்கள் இதைச் சொல்லாமல் மூன்று தடவை பசைக்குக் காசு வாங்கினார்களே, அதுதான் கோபம்.

சரி, உருக்கி ஒட்டியாச்சு, தாங்கிக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு முழம் றப்பர் குழாய், தாங்கிக்கு அடியில் பழைய ரயர்த் துண்டுகள். இரண்டு கிழமையாக ஒரு சொட்டும் இல்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன் அரைத் தாங்கியோடும் ஓட்டிப் பார்க்கப்போகிறேன், உள்ளே தண்ணீரின் அலையடிப்பு அப்போதுதான் அதிகம்.