வில்லிஸ் ஜீப் பிளாக்கில் மயிரிழைக் கோடு: ரீபோருக்குக் கொடுக்கலாமா?

போடிமெட்டு_ஜீப்:
தாத்தாவின் ஏலத் தோட்டத்தில் ஓடிய 1944 வில்லிஸ் எம்.பி. ஜீப் இது. இருபது ஆண்டுக்கு மேலாகக் கொட்டகையில் கிடந்தது. கோழி அடைகாத்த பின்சீட்டைத் தவிர எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எஞ்சினைப் பிரித்துவிட்டேன். சிலிண்டர்கள் அடங்கிய வார்ப்பிரும்பு பிளாக்கில், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு உட்காரும் சீட்டிலிருந்து, பிஸ்டன் ஓடும் துளையான போரை நோக்கி ஒரு கோடு தெரிகிறது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படுகிறது. நகத்தால் வருடினால் தட்டுப்படவில்லை. பட்டறைக்காரர் பிளாக்கைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "கோயில் மணி மாதிரி ஒலிக்கிறது, திங்கட்கிழமை ரீபோர் செய்து துளைகளைப் பெரிதாகக் கடைந்துவிடலாம்" என்கிறார். கொடுக்கலாமா?

பழைய_லேத்:
வேண்டாம் தம்பி. பிளாக் இரண்டாகப் பிளந்திருந்தால்தான் சுத்தியல் சொல்லும். மயிரிழை விரிசல் உள்ள பிளாக்கும் மணி மாதிரிதான் ஒலிக்கும். நாற்பது வருடம் போரிங் மெஷினில் நின்றவன் சொல்கிறேன்: முதலில் சோதனை, பிறகுதான் ரீபோர். போரிங் கூலியும் பிஸ்டன் செட்டும் கொடுத்த பிறகு விரிசல் தெரிந்தால் இரண்டும் வீண்.

நீங்கள் சொல்லும் இடம் சந்தேகத்துக்கு உரியதுதான். இது எல்-134, பக்கவாட்டு வால்வு எஞ்சின். எட்டு வால்வுகளும் பிளாக்கிலேயே இருக்கின்றன. எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் போருக்கும் நடுவே உள்ள இரும்பு குறுகலானது. எஞ்சினிலேயே அதிகம் சூடேறுவதும் அந்த இடம்தான். மலையேறிக் கொதித்து நிற்கும் ஜீப்பில் ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றுவார்கள், சுட்ட இரும்பு சட்டென்று குளிர்ந்து விரிசல் விடும். உங்கள் தாத்தாவும் ஊற்றியிருப்பார், அந்தக் காலத்தில் ஊற்றாதவர் யார்?

பிளாக்கைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, எண்ணெயும் கரியும் போகக் கழுவுங்கள். மணல் அடித்தோ கம்பி பிரஷ் ஓட்டியோ மினுக்காதீர்கள். மேல் இரும்பு நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும். எக்ஸாஸ்ட் சீட் வளையத்தையும் கழற்றிவிடுங்கள், விரிசல் அதற்கு அடியில் தொடங்கியிருக்கலாம்.

கையில் காசில்லை என்றால் மண்ணெண்ணெய் போதும். தடவி அரை மணி நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சாக் பவுடரைத் தூவுங்கள். விரிசலுக்குள் தங்கிய மண்ணெண்ணெய் கசிந்து சாக்கில் ஈரக்கோடாகத் தெரியும்.

குன்னூர்_கேரேஜ்:
மண்ணெண்ணெய்க்குப் பதில் டை பெனட்ரன்ட் வாங்கலாம், மூன்று ஸ்பிரே டப்பாக்கள்: விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயம், துடைக்கும் கிளீனர், ஊறிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர். சிவப்புச் சாயத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். துடைக்கும்போது கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராகப் பிளாக்கின் மேல் அடித்தால் விரிசலுக்குள் போன சாயத்தையும் கழுவிவிடும். நான் முதல் முறை அப்படித்தான் செய்து, "விரிசலே இல்லை" என்று துள்ளினேன். வார்ப்பிரும்பு என்பதால் காந்தத் துகள் சோதனையும் செய்யலாம்: பிளாக்கைக் காந்தமாக்கி இரும்புத் தூளைத் தூவினால் விரிசலில் தூள் ஒட்டும். ஆனால் மின்காந்தத்தை ஒரு திசையில் வைத்துப் பார்த்த பிறகு குறுக்காகத் திருப்பியும் வைக்கச் சொல்லுங்கள். காந்தப் புலம் ஓடும் திசையிலேயே கிடக்கும் விரிசல் காட்டாது.

பழைய_லேத்:
சாயம், காந்தம் எல்லாம் மேற்பரப்புக்குத்தான். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் இருப்பது தெரிய வேண்டுமென்றால் காற்றழுத்தம் கொடுத்தே ஆக வேண்டும். தண்ணீர் வழிகளையெல்லாம் ரப்பரும் இரும்புத் தகடும் வைத்து அடைத்து, 40 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரில் முக்கிவிட்டு "சரியாக இருக்கிறது" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த மாதிரி விரிசல் இரும்பு சூடேறினால்தான் வாய் திறக்கும்.

போடிமெட்டு_ஜீப்:
பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மதுரையில் வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். சீட் வளையத்தைக் கழற்றியதும் சாயம் காட்டிவிட்டது: வளையம் உட்காரும் பள்ளத்தில் தொடங்கி போருக்குள் ஒரு விரற்கடை இறங்குகிறது. தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் இருந்தவரை ஒரு குமிழிகூட வரவில்லை. அடுப்பை மூட்டிச் சூடேற்றினார்கள். கை வைக்க முடியாத சூடு வந்ததும் அதே இடத்திலிருந்து குமிழிகள் ஊசி நூல் கோத்ததுபோல் வரிசையாக ஏறின. ஐயா சொன்னதை அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். மற்ற மூன்றும் சுத்தம். வெல்டிங் வைக்கலாம் என்கிறார்கள்.

பழைய_லேத்:
பிளாக் முழுவதையும் உலையில் சூடாக்கி, வெல்டிங் வைத்து, மெதுவாக ஆறவிடும் வசதி இருந்தால் வைக்கட்டும். இல்லையென்றால் வெல்டிங் ஓரத்தில் இரும்பு கண்ணாடியாக இறுகி, பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடும். உங்கள் விரிசல் குட்டையானது. வார்ப்பிரும்பு ஆணிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறுமாறு திருகித் தைத்து, அந்தச் சிலிண்டருக்கு மட்டும் லைனர் (துளைக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்) இறக்கி, புதுச் சீட் வளையம் அடித்தால் போதும். பிறகு மறுபடி அதே வெந்நீர்த் தொட்டி.

இன்னொன்று. வாட்டர் பம்புக்குப் பின்னால் பிளாக்குக்குள் நீளமாக ஒரு தகட்டுக் குழாய் போகுமே, எக்ஸாஸ்ட் பக்கம் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பது. அதை வெளியே எடுத்தீர்களா? அது துருப்பிடித்து ஓட்டையானால் பின்பக்கச் சிலிண்டர்களுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகாது. மூன்றாவது வெடித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

போடிமெட்டு_ஜீப்:
எடுத்தேன், மூன்று துண்டாக வந்தது. பாதி துருவாகக் கொட்டிவிட்டது.

பழைய_லேத்:
பித்தளையில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். துளைகள் எங்கெங்கே வருகின்றன என்று அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்துத்தான் அளக்க வேண்டும். குப்பையில் போட்டுவிடவில்லையே?

போடிமெட்டு_ஜீப்:
இல்லை ஐயா. செய்தித்தாளில் சுற்றி ஜீப்பின் முன்சீட்டில் வைத்திருக்கிறேன்.