அசல் கிரயப் பத்திரம் தொலைந்துவிட்டது, வீட்டை விற்க முடியுமா?

வாசற்படி (கேள்வி)
தமிழ்நாட்டில் அம்மா பெயரில் உள்ள வீட்டை விற்கப் பேசிவருகிறோம். 1994-ல் பதிவான கிரயப் பத்திரம். அசலைக் காணவில்லை, ஜெராக்ஸ் மட்டும்தான் உள்ளது. பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் அம்மா பெயரில்தான். வாங்குபவர் பேங்க் லோன் போடுகிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்தால் போதுமா? போலீஸில் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டுமா?

மூலப்பத்திரம் (பதில்)
விற்கலாம். பத்திரம் தொலைந்ததால் உரிமை போய்விடாது. ஆனால் சான்றிட்ட நகல் மட்டும் போதாது.

முதலில் வில்லங்கம் (சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் சான்று) போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் பல அலுவலகங்களுக்கு 1975 முதலே பார்க்கலாம். அதில் வரும் ஆவண எண், ஆண்டு, சர்வே எண், பரப்பு நான்கையும் ஜெராக்ஸோடு ஒப்பிடுங்கள். ஜெராக்ஸில் முதல் பக்கத்தின் பின்புறம் இருந்தால் நல்லது. பதிவு முத்திரையும் புத்தகம், தொகுதி, பக்க எண்களும் அங்கேதான் இருக்கும். 1994-க்குப் பிறகு உங்கள் சார்பதிவகம் இரண்டாகப் பிரிந்திருந்தால், பழைய பதிவேடு பெரும்பாலும் பழைய அலுவலகத்திலேயே கிடக்கும். புதிய அலுவலகத்தில் மனு போட்டுவிட்டு "பதிவு இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் அதிகம்.

எண் உறுதியானதும் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். கிரயப் பத்திரம் 1-ஆம் புத்தகப் பதிவு, நகல் கேட்கத் தடையில்லை. தாய்ப்பத்திரமும் (அம்மாவுக்கு விற்றவரின் முந்தைய பத்திரம்) காணோம் என்றால் அதற்கும் தனியே எடுங்கள்.

அடுத்தது போலீஸ் புகார். எந்த இடத்தில் தொலைந்ததோ அந்த எல்லைக்குட்பட்ட நிலையத்தில் அம்மாவே மனு கொடுக்கவேண்டும். உடனே கிடைப்பது சிஎஸ்ஆர் ரசீது. அது புகார் வாங்கியதற்கான சீட்டு, அவ்வளவுதான். விசாரித்துவிட்டு "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று அவர்கள் தரும் நான் டிரேசபிள் சான்றுதான் உங்களுக்கு வேண்டியது. சிஎஸ்ஆரை வைத்துக்கொண்டு பதிவுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நடுவில் பேப்பர் விளம்பரம். ஒரு தமிழ் நாளிதழ், ஒரு ஆங்கில நாளிதழ், இரண்டுமே சொத்து இருக்கும் ஊரின் பதிப்பில் வரவேண்டும். ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்லி வக்கீல் பெயரில் கொடுப்பது வழக்கம். வெட்டிய துண்டு போதாது, நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும்படி முழுத் தாளையே எடுத்துவையுங்கள்.

செக்குபந்தி (பதில்)
மேலே சொன்னதில் வேலை கெடுவது எழுத்துப்பிழையில்தான். புகார் மனு, விளம்பரம், போலீஸ் சான்று, அசல் தொலைந்ததாக அம்மா எழுதித்தரும் உறுதிமொழிப் பத்திரம் நான்கிலும் ஆவண எண் ஒரே மாதிரி இருக்கவேண்டும். 1994-ல் 2145 என்பது ஒரு தாளில் 2154 ஆகிவிட்டால் பேங்க் வக்கீல் அங்கேயே நிறுத்துவார், விளம்பரத்தை மறுபடி கொடுக்கவேண்டி வரும். பெயரின் இனிஷியலும் அப்படித்தான். ஸ்டேஷனுக்குப் போகும்போது சான்றிட்ட நகலைக் கையில் கொண்டுபோங்கள், எண்ணைப் பார்த்து எழுதட்டும்.

சட்ட நிலையையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய அசலைக் காட்டவேண்டும், இல்லையென்றால் போலீஸ் சான்றும் விளம்பரமும் வேண்டும் என்று 2022-ல் பதிவு விதி 55-அ வந்தது. அந்த விதியின் முதல் உட்பிரிவு செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே மாதம் அசல் கேட்பதைச் சட்டத்திருத்தமாகவே கொண்டுவர சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆகவே தீர்ப்பு நகலோடு கவுண்டரில் வாதாடுவது வீண். பதிவாளரே விட்டாலும் லோன் தரும் வங்கி விடாது.

வங்கி பயப்படுவதற்குக் காரணம் உண்டு. சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவின்படி கடனுக்கு ஈடாக அசல் பத்திரத்தைக் கொடுத்து வைத்தாலே அது அடமானம் ஆகலாம். எழுத்து ஒப்பந்தம் பதிவாகாவிட்டால் வில்லங்கத்தில் தெரியாது. 'தொலைந்தது' என்று சொல்லப்படும் பத்திரம் எங்காவது ஒரு பீரோவில் கடனுக்கு ஈடாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வாசற்படி
நன்றி. ஒரு சந்தேகம். இந்த வீட்டின் மேல் 2009-ல் வங்கிக் கடன் வாங்கி 2018-ல் அடைத்தாகிவிட்டது. அசல் அங்கேயே தங்கியிருக்குமோ?

செக்குபந்தி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் சார். புகாருக்கு முன் இதைத்தான் பார்க்கவேண்டும். வில்லங்கத்தில் பத்திர ஒப்படைப்பு (அசலை வங்கியில் ஈடாக வைத்தது) பதிவாகியிருந்தால், அதை முடித்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். கடனை அடைத்தும் ரசீதைப் பதியாமல் விட்ட வீடுகள் நிறைய உண்டு. அந்த அடமானப் பதிவு முடியாமல் இருக்கும்வரை விற்பனை நகராது.

கிளைக்கு எழுத்துமூலம் கடிதம் கொடுத்து, எந்தத் தேதியில் யார் கையெழுத்துப் போட்டு ஆவணங்களை வாங்கினார்கள் என்று ஒப்படைப்புப் பட்டியலின் நகலைக் கேளுங்கள். வங்கி தொலைத்திருந்தால் அதை அவர்கள் கடிதமாகத் தரவேண்டும். கடன் முடிந்த 30 நாளில் ஆவணத்தைத் திருப்பவேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய், தொலைத்தால் சான்றிட்ட நகல் எடுக்க உதவி, செலவும் அவர்களுடையது என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஆனால் அது 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித்தர வேண்டியவைக்குத்தான். 2018 கணக்குக்கு அந்த 5,000 ரூபாயைக் காட்டிக் கேட்கமுடியாது.

வரப்பு (பதில்)
இன்னொன்று. பத்திரம் அண்ணன், தம்பி யாரிடமாவது இருக்கிறது, தர மறுக்கிறார் என்றால் அது தொலைந்த கணக்கில் வராது. தெரிந்துகொண்டே தொலைந்ததாகப் புகார் கொடுப்பது குற்றம். விளம்பரத்தைப் பார்த்து அவர் ஆட்சேபம் எழுதினால் எல்லாம் நின்றுவிடும். அந்த நிலையில் வக்கீல் நோட்டீஸிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும்.

மூலப்பத்திரம்
போலீஸ் சான்று கைக்கு வரும்வரை கிரய ஒப்பந்தம் போடாதீர்கள். மூன்று மாதக் கெடு வைத்து அட்வான்ஸ் வாங்கிவிட்டு, சான்று இழுத்தால் கெடு தாண்டி நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். வாங்குபவரிடம் அசல் இல்லை என்பதை வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கிரயப் பத்திரத்தில் சொத்து வந்த வழியைச் சொல்லும் பத்தியிலேயே அசல் தொலைந்தது, சான்றின் எண், தேதி, விளம்பரம் வந்த நாளிதழ், தேதி எல்லாம் வரவேண்டும். பின்னால் அசல் கிடைத்தால் வாங்கியவரிடம் ஒப்படைப்பதாகவும், அதை வைத்து யாராவது உரிமை கோரினால் நஷ்டத்தை ஈடுகட்டுவதாகவும் இரண்டு வாக்கியம். போலீஸ் சான்று, சான்றிட்ட நகல், விளம்பரத் தாள் மூன்றின் அசலும் பதிவன்றே வாங்குபவருக்குப் போகும். ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.