புதுப்பிப்பு: கோட்லினில் நல் நுழைந்த வழி தெரிந்துவிட்டது

முந்தைய இழையில் நான் கேட்டது: கோட்லின் நிரல்மொழியில் எழுதும் என் ஆப்பில், டேட்டா கிளாஸில் (தரவைத் தாங்கும் கிளாஸ்) பெயர் புலத்தை நல் (null, அதாவது மதிப்பே இல்லாத நிலை) ஏற்காத ஸ்ட்ரிங்காக அறிவித்திருக்கிறேன். சர்வர் அனுப்பும் ஜேசானில் (JSON, தரவை உரையாக அனுப்பும் வடிவம்) அது விடுபட்டாலும், அதை ஆப்ஜெக்டாக மாற்றும் நூலகமான ஜிசான் (Gson) முணுமுணுக்காமல் ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. பிறகு சம்பந்தமில்லாத ஒரு திரையில் ஆப் கிராஷ் ஆகிறது. ஏன்?

ஜிசான் ஜாவாவுக்காக எழுதப்பட்டது. அளபுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் நிரல்பகுதி) கிடைக்காவிட்டால், அன்சேஃப் (ஜாவாவின் உள் கருவி) வழியாக எந்தக் கன்ஸ்ட்ரக்டரையும் அழைக்காமலே ஆப்ஜெக்டுக்கு இடம் ஒதுக்கி, ரிஃப்ளெக்‌ஷனால் (இயங்கும்போதே கிளாஸின் அமைப்பைப் பார்த்துக் கையாளும் வசதி) புலங்களை நிரப்பும். கோட்லினின் நல் சோதனையும் இயல்பு மதிப்புகளும் அந்தக் கன்ஸ்ட்ரக்டருக்குள்தான் இருக்கின்றன! எல்லா அளபுருக்களுக்கும் இயல்பு மதிப்பு கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னது விடுபட்ட புலத்துக்கு உதவுகிறது; அப்போது அளபுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் கிடைத்துவிடும். ஆனால் ஜேசானிலேயே நல் என்று வந்தால், இயல்பு மதிப்பின் மேல் அது எழுதப்பட்டுவிடும்.

அதனால் ஜிசானை விட்டு, கோட்லினுக்கென்றே உள்ள கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன் நூலகத்துக்கு மாறிவிட்டேன். இயல்பு மதிப்பில்லாத புலம் விடுபட்டால், அதன் பெயரைச் சொல்லி அங்கேயே பிழை எறிகிறது. எனக்கு வேண்டியது இதுதான். அறியாத புலம் வந்தாலும் பிழை எறியும் என்பதால் 'இக்னோர் அன்னோன் கீஸ்' அமைப்பை இயக்கியிருக்கிறேன். இல்லாவிட்டால் சர்வரில் புதிதாக ஒரு புலம் சேர்த்த அன்றே பழைய ஆப்கள் விழும். 'கோயர்ஸ் இன்புட் வேல்யூஸ்' அமைப்பை மட்டும் இயக்கவில்லை. அதை இயக்கினால் நல் வந்த இடத்தில் இயல்பு மதிப்பு நிரம்பும்; நல் என்று வந்த விலை சத்தமில்லாமல் 0 ஆவதைவிடப் பிழை வருவது எவ்வளவோ மேல்.

தேதிகளுக்குத் தனி சீரியலைசர் (ஜேசானுக்கும் ஆப்ஜெக்டுக்கும் இடையே மாற்றும் நிரல்) எழுத வேண்டியிருந்தது, அவ்வளவே.