ஆண்ட்ராய்டு, டாக்கர் வேலைக்கு சிஸ்டம்: ஐ7-உம் 16 ஜிபியுமா, ரைசன் 5-உம் 32 ஜிபியுமா?

திருமங்கலம்_டெவ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோட்லின் மொழியில் ஆண்ட்ராய்டு ஆப், அதுக்குப் பின்னாடி ஸ்பிரிங் பூட் சர்வர், டாக்கரில் (புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னர்ல, அதாவது பெட்டியில, ஓட்டுற கருவி) போஸ்ட்கிரெஸ், ரெடிஸ்னு ரெண்டு டேட்டாபேஸ். இதுதான் அன்றாட வேலை. விண்டோஸ் 11, உள்ளே டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டுற வசதி). இப்ப இருக்கிற 8 ஜிபி லேப்டாப்பில் எமுலேட்டரை, அதாவது திரையிலேயே ஓடுற மாதிரி ஆண்ட்ராய்டு ஃபோனை, திறந்தாலே மவுஸ் கூட நகராது.

மதுரையில் ஒரு கடையில் ரெண்டு கொட்டேஷன் கொடுத்திருக்காங்க. ஒண்ணு ஐ7 14700கே, 16 ஜிபி ஒரே ஸ்டிக். இன்னொண்ணு ரைசன் 5 7600, 32 ஜிபி டிடிஆர்5. தொகை கிட்டத்தட்ட ஒண்ணுதான். "புராசஸரைப் பெரிசா எடுத்துக்கங்க, ரேமை அப்புறம் ஏத்திக்கலாம்"ங்கிறார் கடைக்காரர். கேம் ஆடுறதில்லை. மொட்டை மாடி ரூம், ஏசி கிடையாது. 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு கைவசம் இருக்கு. எதை எடுக்கலாம்?

நிரல்மேடை:

ரெண்டாவதை எடுங்க. உங்க வேலைக்கு முதலில் முட்டுறது ரேம்தான், புராசஸர் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்க. விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து 5, 6 ஜிபி. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ 3. எமுலேட்டர் 3, 4. டாக்கரோடு டபிள்யூஎஸ்எல் 4. ஆப்பை பில்டு பண்ற கிரேடிலில் ஒரு சூட்சுமம் இருக்கு: அதன் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் ஹீப் (அது எடுத்துக்கிற மெமரியின் வரம்பு) 4 ஜிபின்னு எழுதினா, கோட்லின் கம்பைலருக்காகப் பின்னணியில் ஓடுற டீமனும் அதே வரம்பைத் தனக்கும் எடுத்துக்கும். ஆக அந்த ஒரு வரி 8 ஜிபி வரைக்கும் இழுக்கலாம். கூட்டினால் 16 எப்பவோ தாண்டிடும். தாண்டினது எஸ்எஸ்டிக்குப் போகும், புராசஸர் காத்துக்கிட்டு நிற்கும். அந்த நேரத்தில் ஐ7-இல் 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்) இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

வாங்குறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற லேப்டாப்பிலேயே அளந்துடலாம். எல்லாத்தையும் திறந்து ஒரு முழு பில்டு ஓட்டுங்க. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'கமிட்டட்'னு ரெண்டு எண் இருக்கும், அதில் முதல் எண்ணைப் பாருங்க, எல்லா புரோகிராமும் சேர்ந்து கேட்கிற மெமரி அதுதான். 'இன் யூஸ்' எண்ணை நம்பாதீங்க, எஸ்எஸ்டிக்குத் தள்ளினதை அது கணக்கில் சேர்க்காது.

32 போட்ட பிறகும் டபிள்யூஎஸ்எல்லுக்குக் கடிவாளம் வேணும். சும்மா விட்டா மொத்த ரேமில் பாதி வரைக்கும் எடுத்துக்கும். யூசர் ஃபோல்டரில் அதன் கான்ஃபிக் ஃபைலை உருவாக்கி மெமரி 8 ஜிபின்னு எழுதி, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் பண்ணித் திரும்பத் திறந்தால்தான் அது அமலுக்கு வரும். கன்டெய்னர் ஏதாவது 137-ங்கிற எண்ணோட நின்னுச்சுன்னா பெரும்பாலும் அந்த 8 போதலைன்னு அர்த்தம். அப்ப 10 ஆக்குங்க.

வடகரை_வாசி:

புராசஸரை ரூமோட சேர்த்துப் பாருங்கண்ணே. 14700கே முழு வேகத்தில் 253 வாட் வரைக்கும் இழுக்கும். 7600-க்கு உச்சமே 88 வாட்தான். சித்திரை, வைகாசியில நம்ம ஊரு மொட்டை மாடி ரூமு சாயங்காலம் வரைக்கும் தணியாது. அதுக்குள்ள 253 வாட்டையும் கொட்டுனா கூலர் என்ன செய்யும்? புராசஸர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். காசு கொடுத்து வாங்குன வேகம் மே மாசம் கிடைக்காது. போதாக்குறைக்கு 'கே' மாடல் பெட்டியில கூலரும் வராது, தனியா வாங்கணும். 7600 பெட்டியிலயே ஒண்ணு வரும், சத்தம் கொஞ்சம் இருக்கும், ஆனா போதும்.

13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9-ல வோல்டேஜ் கூடி நாளடைவுல தேஞ்சுபோற பிரச்சினை இருந்துச்சு. இன்டெல் 2024-ல மைக்ரோகோட் (புராசஸருக்குள்ள ஓடுற அடிப்படைக் கோடு) திருத்தம் விட்டு, பெட்டியோட வித்த புராசஸருக்கு வாரண்டியை 2 வருசம் நீட்டுனாங்க. அப்படியும் அதைத்தான் எடுக்குறதுன்னா, பயாஸை (மதர்போர்டோட அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணாம ஒரு நாள் கூட ஓட்டாதீங்க.

யுபிஎஸ்: 600 விஏன்னா நிஜத்துல 360 வாட் மாதிரி. 7600-உம் மானிட்டரும் மோடமும் அதுல தாராளமா அடங்கும். ஐ7-ஐ முழு பில்டுல விட்டா யுபிஎஸ் விளிம்புல நிக்கும், பேட்டரி பழசானதும் கரண்ட் போன நொடியே விழுந்துரும். வீட்டு இன்வெர்ட்டர்ல மாட்டுறதா இருந்தா பின்னாடி இருக்குற சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளி வைங்க. இல்லாட்டி மாறுற இடைவெளியில சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும், போஸ்ட்கிரெஸ் ஓடிக்கிட்டிருக்கும்போது அது வேண்டாம். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 550 வாட் நல்ல கம்பெனியா ஒண்ணு போதும்.

திருமங்கலம்_டெவ்:

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. கமிட்டட் பார்த்தேன், 19 ஜிபி காட்டுது. 7600-தான்னு முடிவாயிடுச்சு. 32-ஐ 16, 16-ஆ வாங்கவா, ஒரே 32-ஆ வாங்கவா? பின்னாடி 64 ஆக்க வேண்டி வந்தா?

ஸ்லாட்_நாலு:

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால் இந்தக் கேள்விக்கு முன்பைவிட எடை கூடியிருக்கிறது. 32 போதும் என்று தெரிந்தால் ஒரே கிட்டாக 16, 16 வாங்குங்கள். இரண்டு சேனலும் (புராசஸருக்கும் ரேமுக்கும் நடுவிலுள்ள இரண்டு பாதைகளும்) வேலை செய்யும். நாலு ஸ்லாட் இருக்கிறதே, பிறகு இன்னும் இரண்டு 16 சொருகிக்கொள்ளலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். இரண்டு ஸ்டிக்குக்கு 5200 என்றிருக்கும் ஏஎம்டியின் (ரைசன் தயாரிப்பாளர்) அதிகாரபூர்வ ரேம் வேகம் நாலு ஸ்டிக் போட்டால் 3600-க்கு இறங்குகிறது. ஓராண்டுக்குள் 64 நிச்சயம் என்றால் இப்போது ஒரே 32 வாங்குங்கள், பிறகு இன்னொரு 32 சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை ஒரு சேனல்தான் ஓடும் என்பதால் பாதி பேண்ட்வித் (ரேமிலிருந்து தரவு வரும் வேகம்) போகும். ஆனால் கம்பைல் வேலையில் அந்த இழப்பு, ரேம் தீர்ந்துபோகும் இழப்புக்குப் பக்கத்தில் வராது.

நாலு ஸ்லாட் போர்டில் புராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். முதல் தடவை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். மெமரி ட்ரெய்னிங் (போர்டு ரேமுக்குப் பொருந்தும் அமைப்பைத் தேடுவது) நடக்கிறது. செத்துவிட்டது என்று நினைத்துப் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பயாஸில் எக்ஸ்போ (ரேமை அதற்கு எழுதியிருக்கும் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்தால்தான் 6000 கிட் 6000-இல் ஓடும். செய்த அன்றைக்கே ஒரு ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். ஒரே கோடு ஒரு தடவை பில்டாகி அடுத்த தடவை வேறு ஏதோ ஃபைலில் கம்பைலர் விழுந்தால் கோடில் தப்புத் தேடுவதற்கு முன் எக்ஸ்போவை அணைத்துப் பாருங்கள். அதே பயாஸில் எஸ்விஎம்மும் (எமுலேட்டர், டபிள்யூஎஸ்எல் ஓடத் தேவையான புராசஸர் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்மையும் டிக் செய்யுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எமுலேட்டர் தகராறு செய்யும்.

நிரல்மேடை:

ஒண்ணு விட்டுப்போச்சு. கடையில் 7600 ஸ்டாக் இல்லைன்னு 7500எஃப் கொடுத்தால் வாங்காதீங்க. அதில் டிஸ்ப்ளே வராது, தனியா கிராபிக்ஸ் கார்டு போடணும். 8600ஜி கொடுத்தாலும் வேண்டாம்: எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) 16 எம்பிதான், 7600-இல் 32. பில்லில் மாடல் எண்ணை முழுசா எழுதி வாங்குங்க.