கடற்கரை உயிர்காப்புப் பணியில் பெண் பிள்ளைகளின் உடை: விதி உண்மையில் என்ன?

டூங்காபி அம்மா எழுதியது:

வணக்கம். நாங்கள் மேற்குச் சிட்னியில் இருக்கிறோம். மகளுக்குப் பதினைந்து வயதாகிறது. பள்ளித் தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று கடற்கரை உயிர்காப்புக் கழகம் ஒன்றில் வெண்கலப் பதக்கப் பயிற்சிக்கு, அதாவது இங்கே எல்லோரும் பிரோன்ஸ் என்று சொல்வதற்கு, பெயர் கொடுத்துவிட்டுப் பிறகுதான் எங்களிடம் சொன்னாள். எனக்கும் கணவருக்கும் மறுப்பில்லை. ஆறு வயதிலிருந்து நீச்சல் பழகியவள். சனி ஞாயிறுகளில் கைத்தொலைபேசியோடு கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கழகம் அனுப்பிய மின்னஞ்சலில்தான் சிக்கல் தொடங்கியது. முதல் நாள் கொண்டுவர வேண்டியவை என்ற இடத்தில் நீச்சலுடை, நீச்சல் கண்ணாடி, துவாய், தண்ணீர்ப் போத்தல் என்று மட்டும் இருந்தது. மகள் அதைச் சத்தமாக வாசிக்க, அம்மம்மா கேட்டுவிட்டார். "குமர்ப்பிள்ளை அரைகுறை உடுப்போடை ஊர் பார்க்க ஏணியிலை ஏறி இருக்கிறதோ?" என்று கேட்டவர் இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏணி என்று அவர் சொல்வது, தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கக் கடற்கரைகளின் உயரமான இருக்கையை. மகளும் முழுக்க அம்மம்மாவுக்கு எதிர்க்கட்சி இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. நீச்சல் குளத்தில் அவளுக்குக் கூச்சமில்லை; சனம் நடமாடும் மணலில் மணிக்கணக்காக நீச்சலுடையோடு நிற்பதென்றால் தனக்கும் ஒருமாதிரித்தான் இருக்கும் என்கிறாள்.

காவல் பணியில் நிற்கும்போது என்ன அணிய வேண்டும், தண்ணீரில் இறங்கும்போது முழுக்கை மேலாடையும் கணுக்கால்வரை நீளும் ஒட்டிய காற்சட்டையும் அணிய விடுவார்களா, அப்படி அணிந்தால் தேர்வில் பாதகமாகுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கழகத்திடமே கேட்கலாம் என்பது தெரியும். என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது அல்லவா?


வடகரைத் தன்னார்வலர் எழுதியது:

வணக்கம் அக்கா. சொந்த ஊர் கடலூர். சிட்னியின் வடக்குக் கடற்கரை ஒன்றில் ஆறு கோடைகளாகக் காவல் நிற்கிறேன்.

முதலில் அம்மம்மாவின் கவலை. பணியில் இருக்கும் தன்னார்வ உயிர்காப்பாளரின் சீருடை என்பது முழுக்கை மஞ்சள் சட்டை, சிவப்பு அரைக்கால்சட்டை, சிவப்பும் மஞ்சளும் கட்டம் மாற்றி வைத்துத் தைத்த துணித் தொப்பி ஆகிய மூன்றும்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு இல்லை. நீச்சலுடை அதற்குள்ளே இருக்கும். மின்னஞ்சலில் கேட்டிருப்பது அதைத்தான். போண்டாய் கடற்கரையில் நீலச் சட்டையோடு நிற்பவர்கள் நகரசபையிடம் சம்பளம் வாங்கும் லைஃப்கார்டுகள். அவர்களுடைய ஏற்பாடு வேறு.

முழுக்கைக்குக் காரணம் வெயில். இந்த நாட்டில் எழுபது வயதை எட்டுவதற்குள் மூவரில் இருவருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அம்மம்மா மானத்துக்காகக் கேட்கும் அதே கையைக் கழகம் தோலுக்காக ஏற்கெனவே தைத்துக் கொடுத்திருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

நிறத்துக்குக் காரணம் வேறு. கரையில் நடும் கொடிகளும் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாகத்தான் இருக்கும். 1935 முதல் அந்த இரண்டு நிறங்களும் "இதற்குள் குளியுங்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பதற்கு அடையாளம். இழுப்பு நீரோட்டத்தில் மாட்டிக் கையைத் தூக்குகிற ஒருவர், கூட்டத்தில் யார் உதவிக்கு ஓடி வருவார் என்பதை முகம் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டார், நிறம் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். ஆகவே பணி நேரத்தில் சட்டையை மறைத்துக் கறுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வதைத்தான் எங்கள் குழுத் தலைவர் கடுமையாகக் கண்டிப்பார். சட்டைக்கு அடியில் உங்கள் மகள் கூடுதலாக என்ன அணிகிறாள் என்பதை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

தொப்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கச் சிறு குழந்தையின் குல்லாய் போல, தாடைக்குக் கீழே நாடா கட்டும்படி இருக்கும். புதிதாகச் சேரும் எல்லோருக்கும் அதைப் போட வெட்கம், எனக்கும் அப்படித்தான். இரண்டாவது வாரமே நாடாவைக் கட்டாமல் மீட்புப் பலகையோடு கடலில் இறங்கினேன். முதல் அலை தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. அலைக்கு அப்பால் இருந்த ஏழெட்டுக் கருந்தலைகளில் எது என் தலை என்று கரையிலிருந்தவர்களுக்குத் தெரியாமல், எனக்காக இன்னொருவரை அனுப்பும் நிலை வந்துவிட்டது. அன்று வாங்கிய திட்டை நான் இன்னும் மறக்கவில்லை. மீட்கப் போகிறவரைக் கரையில் இருப்பவர்கள் கண்ணைவிட்டு அகலாமல் வைத்திருக்கத்தான் அந்தக் கட்டங்கள்.

இனித் தேர்வு. 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். பிறகு 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் நீச்சல், மறுபடி 200 மீட்டர் ஓட்டம் என மூன்றையும் சேர்த்து 8 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒட்டிய நைலான் லைக்ரா என்றால் பழகியவருக்குச் சில விநாடிகள்தான் கூடும். தொளதொள துணி என்றால் அது தண்ணீரை அள்ளிக்கொண்டு பை போல உப்பும், நிமிடக்கணக்கில் கூடும். எந்த உடையில் தேர்வு எழுதப்போகிறாளோ அதே உடையில் குளத்தில் பத்து முறையாவது கடிகாரம் வைத்து நீந்தட்டும். பயிற்சி அலுவலரிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: நேரம் கணிக்கும் நீச்சலில் நீளக் காற்சட்டைக்கு அனுமதி உண்டா, தண்ணீரில் அணியும் மேலாடை எந்த நிறத்தில் இருக்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டால் தேர்வு நாளில் வேறொருவர் வந்து வேறு விதமாகச் சொல்ல முடியாது.


பழைய கப்பல்காரர் எழுதியது:

இருபத்தெட்டு ஆண்டுகள் வணிகக் கப்பலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சீருடை என்றால் எல்லோருக்கும் ஒன்று. சேரும்போதே இது ஆகாது, அதை மாற்றித் தாருங்கள் என்று கேட்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது.

அதைவிட முக்கியமானது, துணிக்கும் கடலுக்கும் ஆகாது என்பது. நம் ஊர்க் கடற்கரைகளில் பெண்கள் புடவையோடும் சுடிதாரோடும், ஆண்கள் முழுக்கால் சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டும் இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முழங்காலளவுத் தண்ணீரில் நிற்பவரை அலை தட்டி உருட்டிவிட்டால், நனைந்த துணி காலைச் சுற்றிக்கொண்டு எழுந்திருக்க விடாது. அடுத்தவரைக் காப்பாற்றப் போகும் பிள்ளைக்குத் துணியே சுமையாகிவிடக் கூடாது. கூச்சம் இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். கழகம் சொல்லும் சாதாரண நீச்சலுடையிலேயே பழகட்டும் என்பதுதான் என் கருத்து.


நூலகத்துப் பெண் எழுதியது:

கப்பல்கார ஐயா சொன்னதில் பாதியை இதே சிட்னிக் கடற்கரைக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள். 1907ஆம் ஆண்டு, போண்டாய் அடங்கிய வேவர்லி நகரசபை, கடலில் குளிக்கும் எல்லோரும், ஆண்கள் உட்பட, பாவாடை போன்ற தொங்கலோடு கூடிய மேலாடை அணிய வேண்டும் என்று விதி கொண்டுவர முயன்றது. அந்த அக்டோபர் 20ஆம் நாள், போண்டாய், மேன்லி, கூஜி கடற்கரைகளில் ஆண்கள் பெண்களின் உள்பாவாடைகளையும் கையில் கிடைத்த திரைச்சீலைகளையும் கட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கேலிக்காகச் செய்ததுதான், ஆனாலும் நனைந்த பாவாடையோடு அலைக்குள் நீந்த முடியாது என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. விதி கைவிடப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், பிற்காலத்தில் முழு உயிர்காப்பு இயக்கமாக வளர்ந்த நியூ சவுத் வேல்ஸ் கடற்குளியல் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. ஆக, உடை வாதம் இந்த இயக்கத்தோடு கூடவே பிறந்தது. உங்கள் மகள் புதிதாகக் கிளப்பியது அல்ல.

பிறகு காற்று மாறி அடித்தது. 1935ஆம் ஆண்டு மாநில விதி, நீச்சலுடையின் கால் பகுதி குறைந்தது மூன்று அங்குலம் நீள வேண்டும் என்றும் முன்பக்கம் அக்குளிலிருந்து இடுப்புவரை மூட வேண்டும் என்றும் அளவு போட்டது. கடற்கரை ஆய்வாளர்களுக்கு அதை நடைமுறைப்படுத்தும் வேலையும் சேர்ந்தது. போண்டாயின் ஆய்வாளர் ஆப் லெய்ட்லா, பிகினி அணிந்த பெண்களைக் கரையை விட்டு வெளியேற்றியே பெயர் வாங்கினார். 1961இல்தான் அந்த அங்குலக் கணக்கு ஒழிந்தது. காவல் பணியில் முழு உறுப்பினராகப் பெண்களை எடுத்ததோ 1980இல். அதற்கு முன்பு இந்தக் கேள்வியைக் கேட்கவே இடமில்லை. பெண்ணுக்குச் சீருடையே கிடையாது.

இனி ஐயா சொன்ன மற்றப் பாதி. துணி ஆகாது என்பது பருத்திக்கும் புடவைக்கும் பொருந்தும். உடலோடு ஒட்டும் லைக்ராவுக்குப் பொருந்தாது. வட குயின்ஸ்லாந்தில் சொறிமுட்டை, அதாவது ஜெல்லிமீன், வரும் காலத்தில், ஏறத்தாழ நவம்பரிலிருந்து மே வரை, கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் லைக்ரா உடையோடுதான் கடலில் இறங்கச் சொல்கிறார்கள். பெட்டிச் சொறிமுட்டையின் கொட்டுக்கு அஞ்சி அணியும்போது யாரும் அதை விதிவிலக்கு என்று சொல்வதில்லை.

அக்காவின் கேள்விக்கு நேரடியான முன்னுதாரணம் சிட்னியின் தெற்கே உள்ள குரோனுலா கடற்கரையில் இருக்கிறது. 2005 டிசம்பர் 4ஆம் நாள் அங்கே தன்னார்வ உயிர்காப்பாளர்கள் தாக்கப்பட்டதையடுத்து ஒரு வாரத்தில் லெபனான் வழிவந்தவர்களுக்கு எதிராகப் பெரும் இனக் கலவரம் மூண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு லெபனான் வழிவந்த இளைஞர்களையும் கழகங்களுக்குள் கொண்டுவர ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் சேர்ந்த மெக்கா லாலா என்ற இளம்பெண் 2007இல் பிரோன்ஸ் பெற்றுக் காவலுக்கு வந்தார். தலை முதல் கணுக்கால்வரை மூடும் புர்கினியே அவருடைய உடை. அதை 2004இல் வடிவமைத்தவர் சிட்னிக்காரரான அஹெதா சனெட்டி; முக்காட்டோடும் கனத்த உடைகளோடும் வலைப்பந்து ஆடத் திண்டாடிய தம்முடைய உறவுப் பெண்ணைப் பார்த்து வந்த எண்ணம் அது. லாலாவுக்காகத் தைத்தது சிவப்பும் மஞ்சளும். மூடியது எவ்வளவு என்பதில் விட்டுக்கொடுத்த இயக்கம் நிறத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அதுதான் சரியான இடத்தில் கோடு போட்டதாகத் தோன்றுகிறது.

(2011இல் சமையற்கலை எழுத்தாளர் நைஜெல்லா லோசன் போண்டாயில் அதே வகை உடையோடு இறங்கினார். அவருக்கு மதக் காரணம் எதுவும் இல்லை, வெயிலுக்குப் பயந்துதான்.)


நியூ ஜெர்சி வாசகர் எழுதியது:

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு செய்தி. நியூயார்க்கின் ஜோன்ஸ் பீச்சில் நாற்பது ஆண்டுபோல லைஃப்கார்டாக இருந்த ஒருவர், 2007ஆம் ஆண்டு மறுதேர்வுக்கு முழங்கால்வரை ஒட்டிப் பிடிக்கும் ஜாமர் உடையோடு வந்தார். அனுமதித்த வகைகளில் ஜாமர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயதைக் கடந்தவனை ஸ்பீடோ என்னும் சின்ன நீச்சல் ஜட்டிக்குள் நுழையச் சொல்வது வயதைக் காட்டி விரட்டும் வழிதான் என்று அவர் வழக்குப் போட, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கு நடக்கலாம் என்றது. பணியில் அணியும் உடைக்கு விதி ஒன்று, தேர்வில் அணியும் உடைக்கு விதி வேறு என்று இருக்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். தம்பி மேலே சொன்னபடி இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.


டூங்காபி அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பயிற்சி அலுவலருக்கு எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது. எங்கள் கழகத்தில் உடலோடு ஒட்டிய நீளக் காற்சட்டைக்குத் தேர்விலும் தடையில்லை, தண்ணீருக்குள் அணியும் மேலாடை மட்டும் அவர்கள் தரும் நிறத்தில் இருக்க வேண்டும் என்றார். கப்பல்கார ஐயாவின் எச்சரிக்கையையும் விட்டுவிடவில்லை: நேற்றுக் குளத்தில் மகள் புது உடையோடு 400 மீட்டர் நீந்தினாள். வழக்கமான நீச்சலுடையில் 8 நிமிடம் 20 விநாடி. இதில் 8 நிமிடம் 41. இடம் கொஞ்சம்தான் மிச்சம், ஆனாலும் இருக்கிறது.

சீருடைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மம்மா வாங்கி, புடவைக் கடையில் பார்ப்பதுபோல ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உரசிப் பார்த்தார். கையை இழுத்துப் பார்த்தார். "கையெல்லாம் நல்ல நீளம்தான். நிறம்தான் கண்ணைக் குத்துது" என்றார். கண்ணைக் குத்தத்தான் அம்மம்மா அந்த நிறம் என்று மகள் சொல்ல, ஒன்றும் பேசாமல் மடித்துக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக ஒரு கேள்வி தம்பிக்கு. மகளுக்கு இடுப்புவரை முடி. கொண்டை போட்டால் அந்தத் தொப்பி தலையில் உட்கார மறுக்கிறது, நாடாவும் எட்டவில்லை. முடியை வெட்ட வேண்டும் என்று அம்மம்மாவிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.


வடகரைத் தன்னார்வலர் எழுதியது:

வெட்டவே வேண்டாம் அக்கா. கொண்டை கூடாது, பிடரியில் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, நுனியை ரப்பர் பட்டியால் கட்டி, சட்டைக்குள் முதுகுப் பக்கம் விட்டுவிடச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் இருக்கும் பஞ்சாபிப் பெண் அப்படித்தான் செய்கிறார். தொப்பியில் அளவு உண்டு, ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்குங்கள். நாடாவை இரட்டை முடிச்சாகப் போடட்டும்.