கதிர் திருமணக் குழு: லா பாஸ் பயணம்

கதிர்: அனைவருக்கும் வணக்கம். ஜூலை 18ஆம் தேதி பொலிவியாவின் லா பாஸில் திருமணம் என்று லூசியா வீட்டாரும் உறுதி சொல்லிவிட்டார்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பாஸ்கர்: நாங்கள் நான்கு பேருக்கும் எடுத்தாயிற்று மாப்பிள்ளை. 17ஆம் தேதி மாலை நேராக எல் ஆல்ட்டோ விமான நிலையத்தில் இறங்குகிறோம்.

செல்வநாயகி: தம்பி, அந்தச் சீட்டில் தேதியை மாற்ற முடியுமா என்று இன்றைக்கே கேட்டுவிடு. எல் ஆல்ட்டோ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால், திருச்செந்தூர்க் கடற்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் மூன்று பங்குதான் அங்கே கிடைக்கும். முதல் நாள் இறங்கி மறுநாள் மணமேடைக்கு வந்தால், தலைவலியோடும் குமட்டலோடும்தான் தாய்மாமன் சீர் செய்ய வேண்டியிருக்கும்.

வசந்தா: மதினி சொல்வதைக் கேள் பாஸ்கர். ஊட்டிக்குப் போனபோதே மீனா வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்.

மீனா: அது கொண்டை ஊசி வளைவுகளால் வந்தது பெரியம்மா. இன்னும் எத்தனை வருடம் அதையே சொல்வீர்கள்?

செல்வநாயகி: மீனா சொல்வது சரிதான். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். வயதில் இளையவர், உடற்பயிற்சி செய்கிறவர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. உடம்பு பழகுவதற்கு நாள் கொடுப்பது ஒன்றுதான் நம்பத்தக்க வழி. ஆகவே நான் நினைப்பது இது: எல்லோரும் 11ஆம் தேதியே சாவோ பாவுலோ வழியாக சாந்தா குரூஸ் வந்து இறங்குவோம். அந்த ஊர் கிழக்குச் சமவெளியில் 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு, 2,550 மீட்டரில் உள்ள கோச்சபாம்பா பள்ளத்தாக்கில் மூன்று இரவு தங்குவோம். அதன் பிறகு லா பாஸுக்கு ஏறினால் உடம்பு ஓரளவு பழகியிருக்கும்.

சரவணன்: பொலிவியா வெப்பமண்டல நாடு என்றுதானே படித்தோம்? வசந்தா அண்ணி எதற்காக எல்லோருக்கும் கம்பளிச் சட்டை வாங்கச் சொல்கிறார்கள்?

செல்வநாயகி: வெப்பமண்டலம்தான் சரவணா. விஜயவாடா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எவ்வளவு தொலைவோ, ஏறத்தாழ அவ்வளவு தொலைவில் தெற்கே லா பாஸ் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் அட்சரேகையைவிட உயரமே தட்பவெப்பத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஆண்டீஸ் மலை பொலிவியாவுக்குள் மேற்கு, கிழக்கு என இரண்டு தொடர்களாகப் பிரிகிறது. அவற்றுக்கு நடுவில் 3,700 மீட்டர் அளவில் விரிந்து கிடக்கும் பீடபூமியைத்தான் ஆல்ட்டிப்ளானோ என்கிறார்கள். டிட்டிகாக்கா ஏரியும் உயுனி உப்பு வெளியும் அதன் மேல்தான் உள்ளன. கிழக்குத் தொடரைத் தாண்டினால் யுங்காஸ் என்னும் மேகக்காடுகள் செங்குத்தாகக் கீழே சரியும். அதற்கும் அப்பால் அமேசான் பக்கத்துத் தாழ்நிலம் தொடங்கிவிடும். மலைநாடு என்று பெயரெடுத்த அந்த நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தாழ்நிலம்தான்.

பாஸ்கர்: அக்கா, ஜூலையில் மழை இருக்குமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

செல்வநாயகி: மலைப்பகுதியில் அநேகமாக இருக்காது. அங்கே மழைக்காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஜூலை அவர்களுக்குக் குளிர்காலம். வானம் தெளிந்திருக்கும், பகல் வெயில் தோலைச் சுடும், இரவில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஆகையால் தடித்த ஒரே சட்டையைவிட, கழற்றி மாட்ட வசதியாக மூன்று அடுக்கு உடுப்பதே நல்லது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும்.

கதிர்: அத்தை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சாந்தா குரூஸ் வெப்பமான ஊர் என்று கம்பளியைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் தெற்கிலிருந்து சுராசோ என்னும் காற்று வீசினால், 30 டிகிரியில் இருந்த ஊர் 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். லா பாஸிலும் எல் ஆல்ட்டோ விளிம்பில் 4,000 மீட்டருக்கு மேல் குளிர் கடுமையாக இருக்கும். தெற்குப் பகுதி பல நூறு மீட்டர் தாழ்வாக இருப்பதால் இதமாக இருக்கும். வசதியானவர்கள் கீழே குடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு அங்கேதான் அறை பார்க்கிறேன். மேலும் கீழும் போய்வர 2014இல் தொடங்கிய கம்பிவட வண்டி இருக்கிறது.

வசந்தா: நான் பிரஷர் குக்கர் எடுத்து வருகிறேன். அங்கே பருப்பு வேகாது என்று மதினி முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

செல்வநாயகி: ஆமாம், லா பாஸில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆனால் குக்கர் அங்கும் எல்லா வீட்டிலும் இருக்கும், சுமக்க வேண்டாம். சைவத்துக்குக் கவலையும் வேண்டாம்; உருளைக்கிழங்கும் கினோவா என்னும் தானியமும் அந்த மண்ணின் விளைச்சல். ஜூன், ஜூலை இரவுகளின் உறைபனியில் கிழங்கைப் பரப்பி, உறைந்ததைக் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, பகல் வெயிலில் காயவைத்துச் சுன்யோ என்னும் வற்றல் செய்கிறார்கள். அது பல ஆண்டுகள் கெடாது. அந்தக் குளிரையும் வெயிலையும் மக்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை நேரில் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.

மீனா: உயுனியில் வானம் தரையில் தெரியும் படங்களைப் பார்த்தேன். கல்யாணம் முடிந்ததும் போகலாமா கதிர் அண்ணா?

கதிர்: போகலாம் மீனா, ஆனால் அந்தக் கண்ணாடிக் காட்சி மழைநீர் தேங்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் கிடைக்கும். ஜூலையில் 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் காய்ந்த வெள்ளை உப்புதான். அதில் அறுகோணக் கோடுகள் ஓடும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை போகலாம்.

செல்வநாயகி: வழியில் போப்போ ஏரி இருந்த இடத்தையும் காட்டு கதிர். எத்தனையோ மாணவர்களுக்கு அதை வரைபடத்தில் நீலமாகத் தீட்டிக் காட்டியிருக்கிறேன். அது 2015 டிசம்பரில் வற்றிவிட்டதாக அறிவித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. லா பாஸுக்கு அருகே சக்கால்டாயாவில் இருந்த பனியாறும் 2009இல் இல்லாமலே போய்விட்டது. பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரவணன்: இவ்வளவு பேசினீர்கள், அம்மாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சென்னைக் கல்யாணத்திலும் கடைசி நாளில்தான் அம்மாவுக்குச் சொன்னீர்கள்.

வசந்தா: அந்தக் கதை இப்போது வேண்டாம் சரவணா.

செல்வநாயகி: அம்மாவுக்கு 78 வயது, இதய மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களுடைய மருத்துவர் சம்மதிக்காமல் நான் அழைத்துப் போக மாட்டேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு யோசித்தே போடுவார்கள். மற்றவர்களுக்கு அது தவிர்க்க முடியாதது. பொலிவியாவிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், நம் நாட்டில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும்.

கதிர்: பாட்டிக்காக ஒரு யோசனை. வரவேற்பை மட்டும் சாந்தா குரூஸில் வைத்தால் பாட்டி மலை ஏறவே வேண்டியதில்லை. லூசியாவின் அப்பாவிடம் பேசிப் பார்க்கிறேன்.

பாஸ்கர்: கோகா இலைத் தேநீர் குடித்தால் போதும் என்று என் நண்பர் சொல்கிறார். பிறகு எதற்கு ஒரு வாரம் முன்னால் வர வேண்டும்?

செல்வநாயகி: அங்கே எல்லோரும் குடிக்கிறார்கள், நீயும் குடி. அது உடம்பு பழகுவதற்கு ஈடாகாது. இலையைத் தப்பித்தவறியும் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதே, இந்தியாவில் அது சட்டவிரோதம். தேவைப்படும் மாத்திரைக்கும் மருத்துவரைக் கேள்.

பாஸ்கர்: சரி அக்கா, முகவரிடம் கேட்கிறேன். தேதி மாற்றக் கட்டணம் அதிகமென்றால் 14ஆம் தேதியாவது வரப் பார்க்கிறேன்.

செல்வநாயகி: 14ஆம் தேதி என்றாலும் சாந்தா குரூஸிலேயே இறங்கு.

சரவணன்: திங்கட்கிழமை அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். அதுவரை எங்கள் சீட்டை எடுக்க வேண்டாம்.

மீனா: உயுனிக்கு யார் யார் வருகிறீர்கள் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.