முதியோருக்கு முதலில் வேண்டியது காப்பீட்டு அட்டையா, மாத ஓய்வூதியமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை:
70 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்ட விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது நானும் மகிழ்ந்தேன். ஆயினும் ஓய்வூதியத்தை உயர்த்துவதே முதல் தேவை என்று இப்போது உறுதியாகக் கருதுகிறேன். பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்த என் அண்ணன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, அறுவை சிகிச்சை முழுவதும் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது. வீடு திரும்பிய பிறகுதான் செலவு தொடங்கியது. அண்ணி நாற்பது பக்க நோட்டில் நாள்தோறும் எழுதி வைக்கிறார்: பிசியோதெரபி, டயப்பர், இரவில் துணையிருக்கும் பெண்ணின் கூலி, ஆட்டோ. அண்ணனுக்கு வருவதோ 1995ஆம் ஆண்டு வைப்புநிதி ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய். அது 2014இல் நிர்ணயித்த தொகை.

காப்பீட்டு உதவி மேசைப் பணியாளர், மதுரை:
அம்மா, உங்கள் அண்ணன் குடும்பம் கடன்படாமல் அறுவை சிகிச்சையைக் கடந்தது அந்த அட்டையால்தான். ஓய்வூதியத்தை உயர்த்தி மாதம் 3,000 ரூபாய் கொடுத்தாலும், அதைச் சேர்த்து வைத்து இதய அறுவை சிகிச்சைக்குக் கட்ட யாராலும் முடியாது. கழற்றிய தாலிக்கொடியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, "அடகு வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், அதுவரை அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மூதாட்டி என் மேசைமுன் நின்றார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் குடும்ப வருமான வரம்பான ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைச் சற்றே தாண்டியதால் வெளியே நின்ற குடும்பம் அது. மாதாந்தரச் செலவு என்றால், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறதே.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை:
மாத்திரை வருகிறது, தம்பி; அதை மறுக்கவில்லை. ஆயுஷ்மான் திட்டம் வீடு திரும்பிய பின் 15 நாள் செலவைத்தான் ஏற்கிறது. எழுந்து நடக்க மாதக்கணக்கில் ஆகும் முதியவருக்கு 16ஆம் நாளிலிருந்து யார் பொறுப்பு?

மூத்த குடிமக்கள் சங்க உறுப்பினர், திருச்சி:
ஆசிரியை சொல்வதே சரி. ஏழை முதியோருக்கான தேசிய ஓய்வூதியத்தில் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு 2007 முதல் மாதம் 200 ரூபாய்தான். மாநில அரசு கூடுதலாகப் போடுவதால் தமிழ்நாட்டில் அது 2023இல் 1,200 ஆனது. ஆள் கூலிக்கு அது எத்தனை நாள் வரும்?

காப்பீட்டு உதவி மேசைப் பணியாளர், மதுரை:
ஓய்வூதியம் உயர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த 15 நாளை 90 நாளாக்கி, பிசியோதெரபியையும் வீட்டுப் பராமரிப்பையும் திட்டத்தில் சேர்க்கக் கோரி மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. அட்டையைப் பின்னுக்குத் தள்ளும் கோரிக்கையில் மட்டும், அந்தத் தாலிக்கொடியைப் பார்த்த நான் கையெழுத்திட மாட்டேன்.